கிண்ணியா வழியாகச் சம்பூருக்கு

நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குப் போய் வருகிறவர்கள் கோணேசர் கோயிலைப் பற்றியும் நிலாவெளிக் கடலைப் பற்றியுமே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவற்றில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால், கனடாவிலிருந்து இம்முறை ஊருக்குச் சென்றிருந்தபோது என் மனத்தில் நின்றவை, சம்பூரில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போன பேருந்துப் பயணமும் அவ்வழியில் வாய்த்த பேச்சுக்களுமே.

எங்கள் சிறு வயதில், சம்பூர் இருக்கும் மூதூர்ப் பக்கம் போவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இறங்குதுறையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்பது. மற்றது, தரைவழியே சென்று, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையிலும் வாகனத்தைப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏற்றி அக்கரை சேர்வது. பாதை இக்கரைக்கு வரும்வரை எல்லோரும் இறங்கி மர நிழலில் நிற்பார்கள், கச்சான் விற்பவர் வருவார், முன்பின் தெரியாத ஒருவர் "நீ ஆருடைய பிள்ளை?" என்று தொடங்கி, அப்பாவின் தம்பி எந்தக் கந்தோரில் வேலை செய்கிறார் என்பதுவரை கேட்டு முடிப்பார். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்துவிட்டன. இப்போது பேருந்து எங்கும் நிற்காமல் போகிறது, பயணிகள் தத்தம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை எண்ணி ஏங்குவதில் நியாயமில்லை என்பதே என் கருத்து. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 2021 நவம்பரில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற படகுப் பாதை கவிழ்ந்து சிறுவர்கள் உயிரிழந்ததை அறிந்த எவரும் பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பேச்சு மட்டும் அடியோடு போய்விடவில்லை. திருகோணமலை நகரில் என் பக்கத்து இருக்கையில் வந்தமர்ந்த, கிண்ணியாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், பேருந்து புறப்படுவதற்கு முன்பே "மகன் வெளிநாடா?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, அரை மணித்தியாலப் பயணத்துக்குத் தண்ணீர்ப் போத்தலோடு ஏறுகிறவர் வேறு யாராக இருக்க முடியும் என்றார். என் சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் வயது எல்லாம் சீனன்குடா வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டன. கனடாவில் இத்தகைய கேள்விகளை ஒருவர் கேட்டால் நான் இருக்கையை மாற்றிக்கொண்டிருப்பேன். அங்கோ, தம்மைப் பற்றியும் அவர் அதே தாராளத்துடன் சொன்னதால் கணக்குச் சரியாகிவிட்டது. மகன் கட்டாரில் வேலை செய்கிறாராம். 2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பியவர், எரிவாயு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அடுப்பை உடைக்கவில்லையாம். "மறுகா எப்ப தேவைப்படுமோ, ஆருக்குத் தெரியும்?" என்றார். பாலம் கடந்ததும் இறங்கப் போனவர், நடத்துநரைக் கூப்பிட்டு, இந்த மகனை மூதூரில் இறக்கி ஒரு முச்சக்கரவண்டியும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டே இறங்கினார்.

மூதூர் என்றதும் எனக்கு ரொபேர்ட் நொக்ஸின் நினைவு வருவதுண்டு. 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட அந்த ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பிப் போனது 1679 இல்தான். ஊர் திரும்பத் தாமதித்தவர்களில் நான் முதலாவது ஆள் அல்லன் என்ற ஆறுதலுக்காக இதைச் சொல்கிறேன்.

நடத்துநர் பிடித்துத் தந்த வண்டியின் ஓட்டுநர் சொன்ன கட்டணம், என் சப்பாத்தைப் பார்த்து முடிவு செய்யப்பட்டது போலிருந்தது. ஒத்துக்கொண்டு ஏறினேன். போகும் வழியில் யார் வீடு என்று கேட்டார், பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன். சிறிது தூரம் பேசாமல் ஓட்டியவர், "அவ எங்கட அம்மாவோட கிளிவெட்டி முகாமில ஒண்டா இருந்தவ" என்று சொல்லி, தாமாகவே கட்டணத்தைப் பாதியாக்கினார்.

பெரியம்மா 2006 இல் போரினால் சம்பூரை விட்டு வெளியேறியவர். பல ஆண்டுகளை முகாமில் கழித்துவிட்டு, 2015 இல் தொடங்கிய மீள்குடியேற்றத்தின்போது காணிக்குத் திரும்பியபோது, வீடும் இல்லை, வேலியும் இல்லை, காணியின் எல்லை எதுவென்று காட்டுவதற்கு ஒரு மரங்கூட இல்லை. "கிணத்தை வைச்சுத்தான் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிச்சம்" என்று அவர் சொன்னார். கிணற்றுக் கட்டிலிருந்து பழைய குசினி வாசலுக்கு எத்தனை எட்டு என்பது, நாள்தோறும் தண்ணீர் சுமந்த அவருடைய கால்களுக்கு நினைவிருந்திருக்கிறது. புதிய குசினியையும் அதே இடத்தில்தான் கட்டுவித்திருக்கிறார். பொறியியலாளனான நான், நில அளவைப் படம் இல்லாமல் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று நடந்தே காட்டினார். கடைசி எட்டில் வாசற்படி வந்தது.

பகல் பிட்டும் பாரை மீன் குழம்பும், அதன்பின் சட்டியில் எருமைத் தயிரும் தந்தார். மாலையில் அதே ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார். பெரியம்மா எனக்கென்று கட்டி வைத்திருந்த கருவாட்டில் ஒரு பங்கைப் பிரித்து அவருடைய தாயாருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை என்னை ஏற்றினால் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.