மாத்திரை தொடங்கிய பிறகு அப்பாவின் நாக்கு கருத்துவிட்டது

நெல்லைப்பெண்:
அப்பாவுக்கு 63 வயது. வெகுநாளாக வயிற்று எரிச்சல். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் தொடக்கத்தில் புண்ணும் எச். பைலோரி கிருமியும் இருப்பது தெரிந்தது. 14 நாளுக்கு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், ஒமெப்ரசோல் எழுதிக் கொடுத்தார்கள். சில நாளிலேயே நாக்கின் நடுவிலிருந்து பின்புறம் வரை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. வலியோ எரிச்சலோ இல்லை. வாய் மட்டும் கசக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பாட்டி, "கருநாக்கு வந்துவிட்டது, இனி நீ சொன்னதெல்லாம் பலிக்கும்" என்று கேலி பேச, அப்பா நேற்று இரவு முதல் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். மருத்துவரைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் முடியும். அதுவரை என்ன செய்வது?

சேலம்_ராசு:
பயப்படாதீர்கள் அக்கா. நாக்கு வழிப்பானால் அழுத்தி வழித்துவிட்டு, கல் உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தேய்த்தால் போய்விடும்.

பழைய மருந்தாளுநர்:
ராசு தம்பி, அழுத்தி வழித்தால் ரத்தம்தான் வரும், கருப்பு போகாது. மருந்துக் கடையில் தலை நரைத்தவன் நான். இந்தப் பயத்தோடு வந்து நின்றவர்கள் ஏராளம்.

அம்மா, இது பிஸ்மத் செய்யும் வேலை. எச்சிலிலும் குடலிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு அது சேர்ந்தால் பிஸ்மத் சல்பைடு உண்டாகும். அதன் நிறமே கருப்பு. நாக்கின் நுண்ணிய முனைகளில் படிந்து நிற்கிறது, அவ்வளவுதான். மருந்து முடிந்த சில நாளில் தானாக வெளுத்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் லேசாகத் துலக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வாய்க்கசப்பு பெரும்பாலும் மெட்ரோனிடசோலால் வருவது, அதுவும் போய்விடும்.

எனக்குக் கவலை நாக்கைப் பற்றியதல்ல, டப்பாவில் மூடி வைத்த மாத்திரைகளைப் பற்றியது. பாதியில் விட்டால் கிருமி பிழைத்துக்கொள்ளும், அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம். இந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்; அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். திங்கள்வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து, விட்டுப்போன வேளைகளுக்கு என்ன செய்வதென்று கேளுங்கள்.

இன்னொன்று: மாத்திரையை எதோடு விழுங்குகிறார்?

நெல்லைப்பெண்:
மிக்க நன்றி ஐயா. போனில் கேட்டுவிட்டேன், இன்றே மறுபடி தொடங்கச் சொன்னார்கள். இரவு வேளையைப் பாலோடுதான் விழுங்குகிறார். ஐயா, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மலமும் கருப்பாகவே போகிறதாம்.

பழைய மருந்தாளுநர்:
பால் கூடவே கூடாது. பாலிலுள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும்; மருந்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்துக்கும் இதே கதைதான். ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்கட்டும், உடனே படுக்க வேண்டாம்; உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

மலத்தில் கூச்சம் என்ன? கேட்டதே நல்லது. பிஸ்மத்தால் மலம் கருக்கும், ஆனால் வழக்கம்போலவே போகும். தார்போல் பிசுபிசுத்து, சகிக்க முடியாத நாற்றம் அடித்தால், கூடவே தலைச்சுற்றல், வெளிறல், படபடப்பு, ரத்தவாந்தி எதுவும் வந்தால், அது புண்ணிலிருந்து வரும் ரத்தமாக இருக்கலாம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே புண் இருப்பதால் சந்தேகம் வந்தாலே போய்விடுவது நல்லது.

கோவை_மணி:
ஐயா, எனக்கு நாக்கு வெள்ளையாக இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறேன். துடைத்தால் தயிர்த் திரி மாதிரி வருகிறது, அடியில் சிவப்பு.

பழைய மருந்தாளுநர்:
பூஞ்சையாக இருக்கலாம். இன்ஹேலர் எடுத்த ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) கிடைத்தால் அதோடு எடுங்கள். மருத்துவர் பார்த்து உறுதிசெய்தால் குளோட்ரிமசோல் வாய்க்கரைசல் தருவார். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு என்றால் வேறு விஷயம். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர் என்றால், வலி இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.