படம் கீறி முதல் காசு எடுத்த கதையைச் சொல்லுங்கோ, நான் தொடங்குறன்

நான் கொழும்பு வெள்ளவத்தை. ஏ/எல் முடிச்சு எக்கவுண்டிங் படிச்சுக்கொண்டிருக்கேக்க ராத்திரியில கிரிட்டாவில கீறுவன், அது சும்மா கிடைக்கிற சொஃப்ட்வெயர், பென் டேப்லெட் மட்டும் யூனிட்டி பிளாசாவில காசு சேர்த்து வாங்கினது. 2021ல ஃபைவர்ல, ஒன்லைன்ல வேலை செய்து குடுக்கிற வெப்சைட், 5 டொலருக்கு ஒரு படம் எண்டு போட்டன். முதல் ஓடர் ஒரு அமெரிக்கன், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்டு கற்பனைப் பாத்திரமா நடிச்சு விளையாடுற விளையாட்டு விளையாடுற ஆள், கொம்பு வச்ச ஒரு பொம்பிளை, கையில லூட் வேணும் எண்டான். லூட் எண்டா கிட்டார் மாதிரி ஒரு பழைய நரம்பு வாத்தியமாம், அது அப்ப தெரியாமல் நான் வீணையைக் கீறி அனுப்பிட்டன் 😂 அவனுக்கு அது பிடிச்சுப்போய் அப்பிடியே விடு எண்டுட்டான்.

6 மணித்தியால வேலை. ஃபைவர் 20% வெட்டினா மிச்சம் 4 டொலர், அப்ப 800 ரூபா. அதுவும் உடன கைக்கு வராது, 14 நாள் பிடிச்சு வச்சிருப்பாங்கள், அதுக்குப் பிறகு பாத்தா இலங்கையில அப்ப பேபால்ல காசு அனுப்பத்தான் ஏலும் எடுக்க ஏலாது, வெளிநாட்டுக் காசு வாங்குற பேயோனியர் கணக்கு ஒண்டு திறந்து கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துத்தான் பேங்குக்கு எடுத்தன். "காசு எங்க பிள்ளை?" எண்டு அம்மா கேக்க, "வருது வருது" எண்டே ரெண்டு மாசம்.

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லையே, என்ர லெப்டொப் பெட்டரி ஒரு மணித்தியாலம் கூட தாங்காது, ஓடர் லேட்டானா கஸ்டமர் கென்சல் பண்ணிடுவான். ஏரியாவைக் குரூப் குரூப்பா பிரிச்சுத்தான் கரண்ட் வெட்டுவாங்கள், மாமி வீடு வேற குரூப், எங்களுக்குப் போகேக்க அங்க இருக்கும், எல்லாத்தையும் பையில போட்டுக்கொண்டு காலி வீதிய கடந்து ஓடுவன். மாமி பிளேன்டீயோட பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டே "ஏன் பிள்ளை இவளுக்கும் கொம்பு?" எண்டுவா. அந்த வருசம் மார்ச் தொடக்கத்தில 200 சொச்சமா இருந்த டொலர் மே மாசம் 360 ஆச்சு. சனம் கேஸுக்கு லைன்ல நிக்கேக்க எனக்கு மட்டும் காசு கூடினது, வெளிய சொல்லவே வெக்கம்.

ஆனா ஏமாந்தது ஊர் ஆளிட்டத்தான். தெரிஞ்ச ஒருத்தர் கல்யாண கார்டுக்கு மாப்பிள்ளை பொம்பிளைய கீறித் தா எண்டார், "கொம்பியூட்டர்தானே கீறுது தங்கச்சி" எண்டு 1000 ரூபா பேசினார், முழு ஃபைலையும் அனுப்பினன், ஆள் போனே எடுக்கேல்ல. பிறகு அந்தக் கார்ட் எங்கட வீட்டுக்கே வந்தது. இப்ப பாதி அட்வான்ஸ் வராமல் லேயரே திறக்கிறேல்ல, காட்டுறதும் குறுக்கால பேர் போட்ட சின்னப் படம்தான்.

வீணைக்கு சிரிச்சு முடியேல்ல தங்கச்சி. நான் தெஹிவளை, என்ர முதல் நட்டம் பிரிண்ட்ல. 40 போஸ்டர் அடிச்சன், ஸ்கிரீன்ல மயில்கழுத்து நீலம், தாள்ல வரேக்க தோய்ச்சுத் தோய்ச்சு வெளுத்த ஜீன்ஸ். கடைக்காரரோட சண்டைக்குப் போனா பிழை என்னில, ஸ்கிரீன் வெளிச்சத்தால காட்டுற அந்த நீலம் மையில வராது, ஸ்கிரீன் கலர் முறையான ஆர்ஜிபிய பிரிண்ட் மை முறையான சிஎம்வைகேக்கு மாத்திப் பாத்து முதல்ல ஒண்டு மட்டும் அடிச்சிருக்கோணும். 40ம் இன்னும் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. அது சரி, மாமி இன்னும் பாக்கிறவவோ?

ஓம் அண்ணா, இப்ப கலரும் சொல்றவ. போன கிழமை ஒரு கொம்புக்கு மஞ்சள் அடி எண்டா, அடிச்சன், கஸ்டமர் ஓகே எண்டுட்டான்.