பெயர் போடாமல் ஒருவரின் மானத்தை வாங்கினேன்: உங்கள் அனுபவம் என்ன?

மூன்று வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகக் காவலாளிக்கு அறுவை சிகிச்சை என்றதும் எல்லோரும் பணம் போட்டோம். வசூல் பொறுப்பு கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அண்ணனுக்கு. இரண்டு வாரம் கழித்து, பணம் இன்னும் போய்ச் சேரவில்லையாம் என்று ஒருவர் என் காதைக் கடித்தார். "உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்துத்தான். மாலைக்குள் நானும் நான்கு பேரிடம் "உங்களுக்கு மட்டும்" சொல்லியிருந்தேன். அதே வாரம் அண்ணன் புது பைக்கில் வந்து இறங்கினார். அவ்வளவுதான், எங்களுக்குக் கணக்கு நேராகிவிட்டது.

அதுவரை வெறும் வம்பு. அப்புறம் செய்ததுதான் தப்பு. 150 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், இரவு பத்தரை மணிக்கு, "வசூலான பணத்துக்கு எப்போது கணக்கு வரும்?" என்று போட்டேன். பெயர் போடவில்லை, அதில் ஒரு சாமர்த்தியப் பெருமை வேறு. ஐந்து நிமிடத்தில் ஒருவர் பெயரைப் போட்டார். இன்னொருவர் பைக் படத்தைப் போட்டார். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார் ஒருவர். அண்ணன் டைப் செய்கிறார் என்று மேலே வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. ஒரு வரிகூட வரவில்லை. காலையில் பார்த்தால் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

பணம் முதல் வாரமே மருத்துவமனையில் முன்பணமாகக் கட்டப்பட்டிருந்தது. ரசீது காவலாளியின் மனைவியிடம் இருந்தது. பைக் அண்ணனின் மைத்துனருடையது. இதையெல்லாம் எழுதி, குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். மூன்று கட்டைவிரல் விழுந்தது. முந்தைய இரவு முப்பது பேருக்கு மேல் பேசியிருந்தார்கள்.

*

பழைய அகப்பாடல்களில் இதற்கு இரண்டு சொல் உண்டு. சிலர் மட்டும் முணுமுணுத்தால் அம்பல், ஊரே பேசினால் அலர். மொட்டும் பூவும் போல. உங்கள் காதில் விழுந்தது அம்பல். பத்தரை மணிக்கு நீங்கள் போட்டது அலர்.

*

வம்பை மட்டும் திட்டாதீர்கள். என்னைக் காப்பாற்றியதே அதுதான்.

முதல் வேலை, முதல் வாரம். கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்த ஓர் அக்கா, கண்ணாடியில்கூட என்னைப் பார்க்காமல், "அவர் ரூமுக்குக் கூப்பிட்டா கதவைத் திறந்து வெச்சுட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று கேட்கவில்லை. இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த பெண்களுக்கு நானும் அதே வரியைச் சொன்னேன். இதுவும் புறம்பேசுவதுதானே? பிரிட்டனைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் பொது இடங்களில் ஒட்டுக்கேட்டு 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேச்சு நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியது. அதில் அடுத்தவரைக் குறை சொல்வது மிகச் சிறு பங்குதான். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதுபோல் நாம் பேசிப் பேசி ஒட்டிக்கொள்கிறோம் என்பது அவர் வாதம்.

ஆனால் ஒன்று. இரவு ஷிப்டில் தனியாக இருந்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவள் எங்களோடு சாப்பிடுகிறவள் இல்லை, அவ்வளவுதான் காரணம். அவளுக்குத்தான் நடந்தது. 2017இல் பாலியல் தொல்லைக்கு எதிரான மீ டூ இயக்கம் பரவியபோது பெயரைச் சொல்லி வெளிப்படையாக எழுதியவர்களைப் பலர் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. கழிவறைக் கிசுகிசு எட்டாத இடத்துக்கு அது எட்டும்.

*

நான் பட்டியலில் தொங்கியவன். குடியிருப்பில் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்தவர்கள் பெயரை லிஃப்டுக்குள் ஒட்டினார்கள், சிவப்பு மையில். மறுநாளே கட்டிவிட்டேன். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் எனக்குக் கீழே இருந்தவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. பெயர் கிழிக்கப்படும்வரை ஐந்தாம் மாடிக்குப் படியேறித்தான் போனார், இரண்டு கையிலும் பையோடு.

இங்கிலாந்தில் ஆட்களை மரச்சட்டத்தில் கழுத்தும் கையும் மாட்டிச் சந்தையில் நிறுத்துவார்கள், 1837இல்தான் அதை அடியோடு ஒழித்தார்கள். நீதிபதி சொல்வது இவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது மட்டும். என்ன எறிவது என்பதைக் கூட்டம் முடிவு செய்யும். கல் எறிந்து செத்தவர்கள் உண்டு. எங்கள் சங்கச் செயலாளர் ஒட்டியதும் வெறும் தாள்தான், அடுத்த வீட்டுக்காரர் குழந்தையைக் கூட்டிப்போய் அதைக் காட்டியது அவர் கணக்கில் வராது.

*

முதலில் எழுதியவருக்கு: நேரில் போய் மன்னிப்புக் கேட்டீர்களா?

*

கேட்டேன், அடுத்த வாரம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். அண்ணன் அப்போதெல்லாம் இடத்திலேயே சாப்பிட ஆரம்பித்திருந்தார். டப்பாவை மூடி வைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்புறம், "நீங்க பெயர் போடலையே தம்பி" என்றார். கோபமா, ஆறுதலா என்று இன்றுவரை பிடிபடவில்லை. டப்பாவை மறுபடி திறக்க நான் போவதற்காகக் காத்திருந்தார்.