தண்டர்பேர்ட் 140 போட்டதும் காலண்டர் காலி! பழைய பதிவுகளை மீட்க முடியுமா?

மண்டபம் ஆபீஸ்:
எல்லாருக்கும் வணக்கம். கல்யாண மண்டபம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் புக்கிங் முழுக்க, மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் மென்பொருளில் உள்ள காலண்டரில்தான் இருக்கிறது. யார் வீட்டு விசேஷம், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, சமையல் யார் என்று ஒவ்வொரு பதிவுக்குள்ளும் குறித்து வைத்திருப்போம். பெரிய ஹாலுக்குப் பச்சை, மினி ஹாலுக்கு நீலம்.

இதுவரை இருந்தது தண்டர்பேர்டின் 115ஆம் பதிப்பு, 32 பிட். விண்டோஸ் 10. நேற்று 140, 64 பிட் இறக்கிப் போட்டோம். பழையதை கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கியாச்சு. இப்போது திறந்தால் முதல்முறை போடுவது போல மெயில் ஐடி கேட்கிறது. காலண்டரில் 'ஹோம்' என்று ஒன்று மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. கூகுள் போன்ற எதனுடனும் இணைக்கவில்லை, எல்லாம் இந்த கம்ப்யூட்டரிலேயே இருந்ததுதான். தை, மாசி முகூர்த்தங்களுக்கு விசாரித்து போன் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே தேதியை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

விசைப்பலகை:
பதற வேண்டாம் சார். கண்ட்ரோல் பேனலில் நீக்கினால் புரோகிராம்தான் போகும், நம் தகவல் போகாது. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, %ஆப்டேட்டா% என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். தண்டர்பேர்ட் ஃபோல்டர், அதற்குள் ப்ரொஃபைல்ஸ் (ப்ரொஃபைல் என்றால் நம் மெயில், காலண்டர், செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்). அங்கே இரண்டு ஃபோல்டர் தெரிந்தால் நல்ல செய்தி. ஒவ்வொன்றிலும் 'காலண்டர்-டேட்டா' என்று இருக்கும். அதில் உள்ள லோக்கல்.எஸ்க்யூலைட் ஃபைல்தான் உங்கள் காலண்டர். தண்டர்பேர்டை மூடிவிட்டு, புதியதில் இருக்கும் ஃபைலின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, பழையதை அங்கே காப்பி பண்ணிப் பாருங்கள்.

மண்டபம் ஆபீஸ்:
இரண்டு ஃபோல்டர் இருக்கிறது! பழையதில் அந்த ஃபைல் நல்ல பெரிய சைஸில் இருக்கிறது. சொன்னபடியே காப்பி செய்தேன், ஆனாலும் காலண்டர் காலிதான். இன்று காலையில் புதிதாகப் போட்ட புக்கிங்கையும் இப்போது காணோம்.

ராத்திரி ஷிப்ட்:
அண்ணே, அதே இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவும் அழியவில்லை. காப்பி செய்த ஃபைலுக்குள் உங்கள் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் திரையில் வராது. காரணம், ஒவ்வொரு பதிவோடும் அது எந்தக் காலண்டரைச் சேர்ந்தது என்று ஒரு நீளமான அடையாள எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்கு உரிய பெயர், நிறம் எல்லாம் வேறொரு ஃபைலில், ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் என்பதில், பதிவாகியிருக்கும். புதிய ப்ரொஃபைலின் ப்ரெஃப்ஸில் 'ஹோம்' மட்டும்தான் உண்டு. உங்கள் பெரிய ஹாலும் மினி ஹாலும் அதற்குத் தெரியாது. அதனால் அந்த ஒரு ஃபைலை மட்டும் கொண்டுபோனால் வேலைக்கு ஆகாது, பழைய ப்ரொஃபைலையே அப்படியே திறக்க வேண்டும்.

ஏன் இரண்டு ப்ரொஃபைல் வந்தது என்றால், 68ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட் எந்த ஃபோல்டரில் நிறுவப்பட்டிருக்கிறதோ அந்த இடத்துக்கென்று தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்கிறது. 32 பிட் இருந்தது 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)' ஃபோல்டரில், 64 பிட் உட்கார்ந்தது 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில். இடம் மாறியதும் புது ப்ரொஃபைல் போட்டுவிட்டது.

முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, புதியதில் காப்பி செய்த ஃபைலை எடுத்துவிட்டு, பெயர் மாற்றி வைத்த ஃபைலை மறுபடி பழைய பெயருக்கே கொண்டுவாருங்கள். திறந்தால் காலையில் போட்ட புக்கிங் வந்துவிடும். 'ஹோம்' மேல் ரைட் கிளிக், 'எக்ஸ்போர்ட் காலண்டர்', டெஸ்க்டாப்பில் ஐசிஎஸ் ஃபைலாக (காலண்டர் பதிவுகளுக்கான பொதுவான ஃபைல் வகை) சேமியுங்கள்.

பிறகு தண்டர்பேர்டை மூடி, பழைய ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். இதை மட்டும் தவிர்க்க வேண்டாம். 140 ஒருமுறை அந்த ப்ரொஃபைலைத் திறந்துவிட்டால் அப்புறம் 115 அதைத் திறக்க மறுக்கும். திரும்பிப் போக வேண்டி வந்தால் இந்தப் பிரதிதான் வழி.

அடுத்து தண்டர்பேர்டைத் திறந்து, 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்'. அந்தப் பக்கத்தில் 'ப்ரொஃபைல்ஸ்' என்ற வரியில் ஒரு லிங்க் இருக்கும். அதைத் திறந்தால் எல்லா ப்ரொஃபைலும் ஃபோல்டர் முகவரியோடு வரும். பெரிய சைஸ் ஃபைலைப் பார்த்த ஃபோல்டர் எதுவோ, அதன் கீழே 'செட் ஆஸ் டிஃபால்ட் ப்ரொஃபைல்' அழுத்துங்கள். பக்கத்திலேயே 'ரிமூவ்' பட்டன் இருக்கும், அந்தப் பக்கம் கை போக வேண்டாம். பிறகு மூடித் திறங்கள்.

மண்டபம் ஆபீஸ்:
வந்துவிட்டது தம்பி! பச்சை, நீலம் எல்லாம் அப்படியே இருக்கிறது, மெயிலும் பாஸ்வேர்ட் கேட்காமல் வந்துவிட்டது. காலை புக்கிங்கையும் 'டூல்ஸ்', 'இம்போர்ட்' வழியாக அந்த ஐசிஎஸ் ஃபைலைக் கொடுத்து பெரிய ஹாலில் சேர்த்துவிட்டேன். உங்களுக்கும் முதலில் ஃபோல்டரைக் காட்டிக் கொடுத்த நண்பருக்கும் மிக்க நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். திறந்ததும் நேற்றிலிருந்து வந்திருக்க வேண்டிய ரிமைண்டர் எல்லாம் ஒரே ஜன்னலில் கொட்டுகிறது. ஏதாவது பிரச்சினையா?

ராத்திரி ஷிப்ட்:
பிரச்சினை இல்லை அண்ணே. மூடியிருந்த நேரத்தில் தவறிய ரிமைண்டர்களை அது சேர்த்துக் காட்டும். ஒருமுறை படித்துப் பாருங்கள், அட்வான்ஸ் பாக்கி கேட்க வேண்டியது ஏதாவது அதில் இருக்கலாம். பிறகு 'டிஸ்மிஸ் ஆல்'.

விசைப்பலகை:
விளக்கத்துக்கு நன்றி, அடையாள எண் விஷயம் எனக்கும் புதிது. மண்டபம் சார், பெரிய ஹால், மினி ஹால் இரண்டையும் வாரம் ஒருமுறை தனித்தனியாக ஐசிஎஸ் எக்ஸ்போர்ட் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். அந்த ஃபைலை கூகுள் காலண்டர், அவுட்லுக் எதிலும் இம்போர்ட் செய்யலாம், கம்ப்யூட்டரே படுத்துவிட்டாலும் போனில் தேதி பார்த்துச் சொல்லிவிடலாம்.