மினிட் ரிப்பீட்டர் கைக்கடிகாரம்: பிளாட்டினப் பெட்டியில் ஒலி குறைவது பழுதா?

கேள்வி (வைகைக்கரையான்):

வணக்கம். மதுரை அண்ணாநகரில் வசிக்கும் எங்கள் உறவினர் ஒருவரிடம் ஒரே சுவிஸ் நிறுவனத்தின் மினிட் ரிப்பீட்டர் (வேண்டும்போது நேரத்தை மணி, கால் மணி, நிமிடம் என அடித்துச் சொல்லும்) கைக்கடிகாரங்கள் இரண்டு இருக்கின்றன. உள்ளிருக்கும் இயந்திரம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் ரோஸ் கோல்டு பெட்டி கொண்ட கடிகாரத்தின் ஒலி அறையின் மறுகோடி வரை கேட்கிறது. விலை கூடுதலான பிளாட்டினத்தையோ காதருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இது பழுதா, இயல்பா? 12 மணி 37 நிமிடம் என்பதை அக்கருவி எவ்வாறு அறிந்து அடிக்கிறது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (மாசி வீதி):

ஐயா, இரண்டாவது வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முள்களோடு சேர்ந்து சுழலும் சிறு தகடுகள் மூன்று உள்ளே இருக்கின்றன; மணிக்குரியதன் விளிம்பில் 12 படிகளும், கால் மணிக்குரியதில் 4 படிகளும், நிமிடத்திற்குரியதில் நான்கு கைகளாகக் கைக்கு 14 படிகளும் வெட்டப்பட்டிருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள நெம்பியைத் தள்ளும்போது மணியடிப்பதற்கென்றே உள்ள தனிச் சுருள்வில் முறுக்கேறுகிறது; பற்கள் கொண்ட கைகள் அந்தந்தத் தகட்டின் மீது விழுகின்றன. படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு பற்கள் சுத்தியலைத் தட்டிச் செல்லும். 12:37க்கு, மணிக்குத் தாழ்ந்த சுரத்தில் 12, கால் மணிகளுக்கு இரட்டை அடியாக 2, எஞ்சிய நிமிடங்களுக்கு உயர்ந்த சுரத்தில் 7. இருட்டில் நேரம் அறிய மணியையும் கால் மணியையும் அடித்த இதன் முன்னோடிக் கருவிக்கு இங்கிலாந்தின் டேனியல் குவேர் 1687இல் காப்புரிமை பெற்றார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பே மிஞ்சுகிறது.

பதில் 2 (தெற்கு ஆவணிமூல வீதி):

பொன் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் உலோகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிளாட்டினம் மிகவும் அடர்த்தியானது; அதிர்வை வெளியே விடாமல் தனக்குள்ளேயே பெரும்பகுதியை அடக்கிக்கொள்ளும். ரோஸ் கோல்டில் ஒலி நன்றாக எழும், எடை குறைந்த டைட்டானியத்தில் இன்னும் எழும். ஆகவே தங்கள் உறவினரின் கடிகாரத்தில் குறை இருப்பதாக நான் கருதவில்லை.

ஒலிப்பவை இயந்திரத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் இரண்டு எஃகுக் கம்பிகள். ஒரு முனை மட்டும் இறுக்கப்பட்டிருப்பதால், விடுபட்ட முனையை அரத்தால் குறைத்தால் சுரம் உயரும். பிடிமானத்தின் அருகே இழைத்து மெலியவைத்தால் சுரம் தாழும். கூடுதலாக இழைத்துவிட்டால் மீட்க வழியில்லை, புதுக் கம்பிதான். நம் மீனாட்சியம்மன் கோவில் இசைத் தூண்களைச் செதுக்கிய சிற்பிக்கும் இந்த நிலைமையே இருந்திருக்கும். கம்பியைத் தனியே சரிபார்த்தாலும் போதாது. பெட்டிக்குள் பொருத்திக் கேட்டு, கழற்றி, மீண்டும் இழைத்து, மீண்டும் கேட்க வேண்டும். ஒரே இயந்திரம் கொண்ட இரு கடிகாரங்கள் ஒருபோதும் ஒன்றுபோல் ஒலிக்காததற்கு இதுவே காரணம். விலையின் பெரும்பங்கும் இந்தக் காதுக்கும் கைக்கும் உரியது என்பது என் உறுதியான கருத்து.

ஒலியைப் பெருக்க இப்போது புதிய வழிகளும் வந்துள்ளன. சோப்பார்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கடிகாரத்தில் கம்பிகளும் மேற்கண்ணாடியும் ஒரே சபையர்த் துண்டில் கடையப்பட்டவை. ஓடமார் பிகே கம்பிகளைத் தனி ஒலிப்பலகையில் பொருத்தியது. பாராட்டத்தக்க முயற்சிகள்தாம், ஆனால் எஃகுக் கம்பியின் இனிமையையே நான் விரும்புகிறேன்.

பதில் 3 (திருப்பரங்குன்றத்தார்):

ஒலியின் அளவைக் காட்டிலும் வேகத்தைக் கவனியுங்கள். அடியின் வேகத்தைச் சீராக்கும் சிறு கட்டுப்படுத்தி (கவர்னர்) ஒன்று உள்ளே சுழல்கிறது. எண்ணெய் கெட்டியாகிவிட்டால் அடி இழுபடும். 12:59க்கு வைத்து நெம்பியை முழுவதும் தள்ளுங்கள். 12 மணி, மூன்று இரட்டை அடி, 14 நிமிடம் என மொத்தம் 32 அடிகளும் ஒரே நடையில் முடிந்தால் இயந்திரம் நலமாக உள்ளது. கடைசி நிமிடங்களில் தளர்ந்தால், தாமதிக்காமல் தயாரித்த நிறுவனத்திடமே பராமரிப்புக்கு அனுப்புங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போது முள்ளைத் திருப்ப வேண்டாம், பற்கள் ஒடிந்துவிடக்கூடும்.