அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை, அப்படியே விடலாமா?

அம்மாவுக்கு 61 வயது, தக்கலையில் இருக்கிறோம். கீழே வலது பக்கம் கடைசி இரண்டு பல்லையும் சொத்தை முற்றி 14 மாதம் முன்பு பிடுங்கினார்கள், அந்தப் பக்கம் ஞானப்பல்லும் கிடையாது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தே ஆகணும், இல்லாவிட்டால் மேல்பல் கீழே இறங்கும் என்கிறார். மார்த்தாண்டத்தில் பார்த்தவரோ முன்பல்லும் முன்கடைவாய்ப் பல்லும் சரியாகக் கடித்தால் போதும், விட்டுவிடுங்கள் என்கிறார். தேடிப் பார்த்தேன், நெதர்லாந்தின் கைசர் என்ற பல் மருத்துவர் 1981-லேயே இந்தக் கருத்தை எழுதியிருக்கிறார், அதனால் மார்த்தாண்டம் டாக்டர் பேச்சையும் தள்ள முடியவில்லை.

பின்னால் பிடிக்கப் பல் இல்லாததால், இருபக்கப் பல்லையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் முடியாதாம். கழற்றி மாட்டும் செட் மூன்று வாரம் போட்டார், கம்பி உரசி நாக்கோரம் புண்ணாகிவிட்டது, இப்போது அது டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. இடது பக்கமே மெல்லுகிறார். மரச்சீனியும் மீன்குழம்பும் பிரச்சினையில்லை, நேந்திரங்காய் சிப்ஸைத்தான் தொடுவதில்லை. ஆனால் மேல்பல் ஒன்று லேசாக இறங்கியது போல நாக்கில் தட்டுகிறது என்று போன வாரம் சொன்னார், எனக்கு அதுதான் பயம்.

இப்படிப் பல் கட்டாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் விட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு மேல்பல் தொந்தரவு தருமளவுக்கு இறங்கியதா?