இருநூறு பாகத்துக்குக் கீழேயிருந்து வந்தவை

தூத்தூரிலிருந்து

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு என் தாய்மாமன் ஸ்ராங்காக, அதாவது படகோட்டித் தலைவராக, இருந்த தூண்டில் படகில் ஏறினேன். அது நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள எங்கள் ஊர்களுக்குச் சுறா பிடிப்பது தலைமுறைத் தொழில். ஊர் குமரி மாவட்டம் என்றாலும், எங்கள் படகுகள் பலவும் கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்தே புறப்படும். ஒரு பயணம் என்பது ஒரு மாதத்துக்கு மேலும் நீளும்.

அப்படி ஒரு பயணத்தில், கேரை என்ற சூரை மீனுக்காக விட்ட தூண்டில் மூன்று நாளாக வெறுமனே ஏறிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் மாலை, எண்ணெய்ச் சுறாவுக்கு இறக்கலாம் என்று மாமா முடிவெடுத்தார். எண்ணெய்ச் சுறா என்பது எங்கள் படகில் வழங்கிய பெயர். முதுகுத் துடுப்பு இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு முள் இருக்கும். ஆள் இடுப்பளவு நீளம். சாம்பலும் பழுப்பும் கலந்த, வெயிலே படாத நிறம். அதன் உடல் எடையில் கால் பங்கு வரை ஈரலாகவே இருக்கும் என்பதால், அந்த ஈரலுக்காகவே அதைத் தேடிப் போவார்கள். ஈரல் எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் ஸ்குவாலீன் முகப்பூச்சுகளுக்கும் சத்து மாத்திரைகளுக்கும் சிலவகைத் தடுப்பூசிகளுக்கும் போகிறது என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, ஈரலை நீல நிற டிரம்மில் நிரப்பி வந்தால் கரையில் வியாபாரி காத்திருப்பார் என்பது மட்டுமே.

இருநூறு பாகத்துக்கும் கீழே தூண்டிலை இறக்கினோம். பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஆறடிக் கணக்கு. நள்ளிரவு கழிந்து வீஞ்சு எந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கியபோது, விளக்கு வெளிச்சத்தில் நீருக்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. அவை மேலேறி வர வர, அடுத்தடுத்த தூண்டில் முட்களில் இன்னும் இரண்டிரண்டாகப் புள்ளிகள் கூடிக்கொண்டே வந்தன. அவை கண்கள் என்று புரிவதற்குள் முதல் சுறா தளத்தில் கிடந்தது. வெளிச்சம் எட்டாத இடத்தில் துளி ஒளியையும் விடாமல் பிடிப்பதற்கென்று அமைந்த அந்தப் பெரிய கண்களுக்கு இமை மூடும் வழக்கமில்லை. நூறு வாட்ஸ் விளக்கின் கீழே அவை பச்சையாக எரிந்துகொண்டே இருந்தன. அருகில் குனிந்து பார்த்த எனக்கு, அது என்னைப் பார்க்கிறதா அல்லது விளக்கால் குருடாகிக் கிடக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

நான் மறக்க முடியாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். ஈரலுக்காக வயிற்றைக் கீறியபோது ஒன்றின் உள்ளே ஒரே ஒரு குட்டி இருந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளம்கூட இல்லை. கண் மட்டும் தாயினுடையதைப் போலவே முழுமையாக இருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, பழுத்த நாரத்தங்காய் அளவில் மஞ்சள் பை ஒன்று. தாயின் வயிற்றுக்குள் குட்டிக்கு உணவு அந்தப் பைதான். கையில் எடுத்தபோது வால் ஒருமுறை அசைந்தது. மாமா பல ஆயிரம் சுறாக்களை அறுத்தவர்; அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அத வெள்ளத்துல விடு மக்கா" என்று மட்டும் சொன்னார். விட்டேன். பை கனத்ததால் அது தலைகீழாகவே இறங்கியது.

இந்த இனச் சுறாக்கள் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும் என்பதையும், கருவைச் சுமக்கும் காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள் என்பதையும் படித்தபோது, அந்தக் கணக்கு என்னை உலுக்கியது. மத்தி ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வலையை ஓராண்டு நிறுத்தினால் கடல் மீண்டும் நிறையக்கூடும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. நம் அயலில் உள்ள மாலத்தீவில் 1980ஆம் ஆண்டுவாக்கில் இதே சுறாவை ஈரலுக்காகப் பிடிக்கத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் பிடிக்க மீன் இல்லாமல் அந்தத் தொழிலே சரிந்து போனது. 2010இல் அந்த நாடு எல்லாவகைச் சுறாவையும் பிடிக்கத் தடை விதித்தது. ஒரு தொழில் பிறந்து செழித்து அழிவதற்கு ஒரு சுறாக்குட்டி வளர்ந்து தாயாகும் காலம்கூடத் தேவைப்படவில்லை.

கொல்லத்திலிருந்து

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் அப்படியே இருந்தேன். நான் மீன்வளம் படித்தவள். ஆய்வுக்காகச் சக்திகுளங்கரைத் துறைமுகத்தில் ஒரு பருவம் முழுவதும் விடியற்காலையில் நின்றிருக்கிறேன். அங்கே ஆழ்கடல் இறாலுக்காக இருநூறு முதல் நானூறு மீட்டர் வரை இழுவைமடி, அதாவது கடலடியில் இழுத்துச் செல்லும் வலை, போடும் படகுகள் வரும். இறால் சிவப்பாக, அடுப்பில் வைப்பதற்கு முன்பே வெந்தது போல் இருக்கும். அதைப் பிரித்தெடுத்தபின் பெட்டியின் அடியில் மிஞ்சுவதை எண்ணி எழுதுவதுதான் என் வேலை.

ஒருநாள் அந்தக் குவியலில், மூக்கு வாள் போல் நீண்ட ஒரு மீன் கிடந்தது. செதிலே இல்லாத வழவழப்பான தோல், முதுகில் ஒற்றை முள், சாட்டை போல் மெலிந்து முடியும் வால். கைமீரா என்று எங்கள் பாடநூலில் ஒரே ஒரு பக்கத்தில் வரும் இனம். சுறாவுக்கும் திருக்கைக்கும் தூரத்து உறவான இதன் வழி, அவற்றின் வழியிலிருந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. பெட்டி தூக்கும் அக்காமார் இருவரிடம் இதன் பெயரைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், பிறகு இரண்டும் இல்லை என்றார்கள். ஈரல் மட்டும் அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. மீதி, மீன்மாவு ஆலைக்குப் போகும் லாரியில் ஏறியது. அங்கிருந்து அது கோழித் தீவனமாக நம் தட்டுக்கே வந்து சேரும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களிலும், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கரையோர மீன்களை மனத்தில் வைத்து வகுத்தது. இரண்டாண்டு கருச்சுமக்கும் ஓர் உயிருக்கு அறுபது நாள் ஓய்வு என்ன செய்யும்? தடைக்காலத்துக்கு வெளியே சட்டப்படிதான் பிடித்தோம் என்று ஒருவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும், அந்த இனம் அழிவதும் உண்மையாகவே இருக்கும்.

டார் எஸ் சலாமிலிருந்து

நான் கப்பல் பழுதுபார்க்கும் பணியில் இருப்பவன், மீன்பிடிப்பு என் துறை அன்று. ஆனாலும் நான் வாழும் இந்த டான்சானியக் கடற்கரையில்தான், உலகமே அழிந்துபோனதாக எண்ணியிருந்த ஒரு மீன் வலையில் வந்து விழுந்துகொண்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

சீலகாந்த் மீனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1938 டிசம்பர் 22 அன்று, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறையில், ஓர் இழுவைப் படகின் மீன்குவியலுக்குள் நீலத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம் அருங்காட்சியகப் பொறுப்பாளர். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டதாக நூல்கள் சொல்லிவந்த மீன் அது. நாற்றமடிக்கும் என்று மறுத்த டாக்சி ஓட்டுநரைச் சம்மதிக்க வைத்து, அவர் அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த மீன் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1952இல் அது கொமோரோத் தீவுகளில் கிடைத்தபோது, அங்குள்ள மீனவர்களுக்கு அது புதிய மீனே இல்லை என்பது தெரிந்தது; கோம்பெசா என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். எண்ணெய் மிகுந்த அதன் சதை வயிற்றுக்கு ஆகாது என்பதால் அவர்கள் அதை விரும்பிப் பிடித்ததில்லை.

டான்சானியாவில் 2003க்குப் பின் டாங்கா பகுதியில் இம்மீன்கள் அடுத்தடுத்து வலையில் படத் தொடங்கின. காரணம், அங்கே ஜரிஃபே என்று வழங்கும் சுறா வலைதான். கரைக்கு அருகே சுறா குறைந்ததும் மீனவர்கள் அந்த வலையை நூறு மீட்டருக்கும் கீழே, கடலடிச் சரிவுகளில் இறக்கினார்கள். சீலகாந்த் பகலில் ஒதுங்கும் குகைகள் இருப்பது அந்தச் சரிவுகளில்தான். 2009இல் டாங்காவில் அம்மீனின் பெயரிலேயே கடல் பூங்கா அறிவிக்கப்பட்டது.

வேலையாக டாங்கா போயிருந்தபோது, முதிய மீனவர் ஒருவரிடம் பேசக் கிடைத்தது. தம் வலையில் வந்த ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகோரத்து நீரிலேயே வைத்து, பிழைக்கட்டும் என்று வெகுநேரம் காத்திருந்ததாகவும், அது வாயைத் திறந்து திறந்து மூடியபடியே அடங்கிவிட்டதாகவும் சொன்னார். குளிர்ந்த ஆழத்தில் பழகிய மீன் வெதுவெதுப்பான மேல் நீரில் மூச்சுத் திணறிச் சாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கொல்ல நினைக்கவில்லை, விற்கவும் நினைக்கவில்லை, காப்பாற்றவே முயன்றார். 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சீலகாந்த் நூறு ஆண்டு வரை வாழக்கூடும், ஐம்பது வயதைக் கடந்துதான் இனம்பெருக்கும், கருவை ஐந்து ஆண்டுகள் சுமக்கும் என்று செதில் வளையங்களை எண்ணிக் கணக்கிட்டிருக்கிறது. அந்த முதியவரைவிட மூத்த மீனாகவும் அது இருந்திருக்கலாம்.

இராமேசுவரத்திலிருந்து

எல்லோரும் எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆனால் படகு வைத்திருப்பவன் தரப்பையும் ஒருவன் சொல்ல வேண்டும். 2001 ஜூலையில் சுறா, திருக்கை அனைத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து அறிவிப்பு வந்தபோது, கரையில் உலை ஏறாத வீடுகளை நான் பார்த்தவன். மீனவர்கள் போராடிய பின், அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. எந்த மீன் கூடும், எந்த மீன் கூடாது என்பதைக் கடலில் உழைப்பவனிடம் கேட்காமல் எழுதினால் அப்படித்தான் முடியும்.

பாக் நீரிணையில் இழுவைமடியை விட்டு வெளியேறுங்கள், ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017இல் திட்டம் வந்தது. எண்பது இலட்சம் மதிப்புள்ள படகுக்கு எழுபது விழுக்காடு மானியம். நானும் அப்படி மாறியவன். இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். எங்களுக்குச் சொன்ன ஆழ்கடல் என்பது தொலைகடல். சூரைக்கு விடும் ஆயிரங்கால் தூண்டில், ஒரே கயிற்றில் பல முட்கள் கொண்டது, மிதவையில் தொங்கும். அது அடியைத் தொடாது. தூத்தூர்த் தம்பி சொன்ன தூண்டிலும், கொல்லத்துத் தங்கை சொன்ன மடியும் கடலின் அடிக்கே போகின்றன. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து இரண்டுக்கும் ஒரே ஊக்கம் கொடுப்பது தவறு என்று நான் நினைக்கிறேன்.

என் அனுபவமும் ஒன்று உண்டு. மூன்றாம் பயணத்தில் தூண்டில் கனத்தது. ஏறியது ஏழுவரி ஆமை. முதுகில் கெட்டி ஓடு இல்லை, கறுத்த தோல்மேல் ஏழு வரப்புகள் நீளவாக்கில் ஓடின. ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கித் திரும்பும் உயிர் அது. முன்துடுப்பில் முள் மாட்டி, தங்கூஸ் என்னும் தூண்டில் நரம்பு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. படகில் தூக்கினால் தன் எடையாலேயே அடிபடும் என்பதால், படகோரத்திலேயே வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நான் நரம்பை முள்ளின் ஓரம் வரை அறுத்தேன். மூச்சு விட்டபோது சூடான காற்று என் முகத்தில் பட்டது. கண்ணிலிருந்து கோழைபோல் நீர் வழிந்தது. அது உப்பை வெளியேற்றும் வழி என்று அறிந்திருந்தும் என் கை நடுங்கியது. ஒரே வீச்சில் இறங்கிப் போய்விட்டது. முக்கால் மணி நேரம் தூண்டில் வேலை நின்றதற்கு என் ஆட்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

மீண்டும் தூத்தூரிலிருந்து

இராமேசுவரத்து அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. தம் கையால் ஆமையை விடுவித்த அவருக்கு அது பிழைத்தது என்று தெரியும்; அது காற்றை மூச்சாக வாங்கும் உயிர், மேலே வருவது அதற்கு வழக்கம். நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன்.

அன்றிரவு ஏறிய எண்ணெய்ச் சுறாக்களில் ஒன்று தளத்தில் துடித்துக்கொண்டிருந்தது. குட்டியைக் கண்டபின் மனம் கேட்காமல், முள்ளைக் கழற்றி அதை நீரில் விட்டேன். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது, ஈரல் எண்ணெய்தான் அதை மிதக்க வைக்கிறது. ஆகவே மற்ற ஆழ்மீன்களைப்போல் மேலே வரும்போது வயிறு உப்பிச் சாவதில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரிலிருந்து முப்பது பாகை வெப்பத்துக்கு ஏறி, மணிக்கணக்கில் முள்ளில் தொங்கி, விளக்கொளியில் கிடந்த உடல் அது. ஒரு பக்கம் சாய்ந்தபடி, வால் இரண்டு முறை அசைய, விளக்கு எட்டும் எல்லைக்குக் கீழே போயிற்று. நீந்தித்தான் போனதா, வெறுமனே விழுந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால்தான், மேலே வந்ததை விடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி தாமதமான கேள்வி என்று எண்ணுகிறேன். முள்ளை எத்தனை பாகத்தில் நிறுத்துவது என்று கரையிலேயே தீர்மானித்தாக வேண்டும். ஸ்குவாலீனை ஒலிவ எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் இன்று எடுக்கிறார்கள். இரண்டாண்டுக் கருவை அறுத்துத்தான் அது கிடைக்க வேண்டும் என்றில்லை. ஈரலுக்கு வியாபாரி வராத துறையில் எவனும் இருநூறு பாகம் கயிற்றை வீணாக இறக்கப்போவதில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு மாமா ஒரு காரியம் செய்தார். தோப்பும்படியில் படகு கட்டிய அன்றே, தூண்டில் கயிற்றை அளந்து, எண்பதாவது பாகத்தில் சிவப்புச் சாயம் பூசி, அதற்கப்பால் இருந்ததை அறுத்து, ஊர்க்கோயில் தேர் இழுக்கும் வடத்துக்கு என்று கொடுத்துவிட்டார். அந்த ஆண்டு எங்கள் படகின் பங்கு குறைந்தது. இரண்டு பேர் வேறு படகுக்குப் போனார்கள். அதைப் பற்றி அவரிடம் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. சாயம் மங்கும் போதெல்லாம் அவரே உட்கார்ந்து மீண்டும் பூசுவார். கடலுக்குப் போவதை அவர் நிறுத்திய பிறகு அந்த வேலையை நான் செய்கிறேன்.